நள்ளிரவில் நாய்க்கு முடியலையா? தூத்துக்குடி மக்களுக்கு ஓர் அவசரக் கையேடு

மனிதருக்கு ஆபத்து என்றால் 108. இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டு நாய்க்கோ, பூனைக்கோ, கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டுக்கோ ஆபத்து என்றால் எந்த எண்? பலரும் யோசிக்கிற இடம் இதுதான்.

அந்த எண் 1962. கட்டணமில்லா எண். போனை எடுத்து இப்போதே பதிவு செய்துவிட்டு மேலே படியுங்கள்.

ஆனால் எண் மட்டும் போதாது. 108 போல இதில் வண்டி எல்லா நேரமும் சில நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடாது. நீங்கள் போன் செய்வதற்கும் மருத்துவர் கை வைப்பதற்கும் இடையில் ஒரு மணி நேரமோ, ஓர் இரவோ இருக்கலாம். அந்த இடைவெளியில் நீங்கள் செய்வதும், செய்யாமல் விடுவதும்தான் பல நேரம் அந்த உயிரின் தலையெழுத்து. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

எது உடனடி அவசரம்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

• மூச்சு வாங்குகிறது, வாயைத் திறந்தே மூச்சு விடுகிறது. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டாலே அது ஆபத்து.
• ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறது. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. (சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். கண் இமையின் உட்பக்கத்தைப் பாருங்கள்.)
• 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு, அல்லது ஒன்று முடிந்து உடனே அடுத்த வலிப்பு.
• அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்.
• வயிறு திடீரென்று உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வெளியே வரவில்லை.
• ஆண் பூனை திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்க உட்கார்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை. இதை மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அடைப்பு எடுக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும்.
• குட்டி போடும் நாய் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை.
• தடுப்பூசி போடாத நாய்க்குட்டிக்கு வாந்தியோடு ரத்தப் பேதி. பார்வோ நோயாக இருக்கலாம்.
• பாம்புக்கடி, விஷம், வாகனம் மோதியது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் இவை மூன்றும் அவசரம்தான்.

ஒரு வேளை சாப்பிடவில்லை, ஒரு தடவை வாந்தி, லேசான நொண்டல், ஆனால் வாலாட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் காலையில் மருந்தகத்துக்குக் கொண்டு போகலாம்.

உங்கள் ஸ்மார்ட்போன் இங்கே உதவும். நாய் தூங்கும்போது ஸ்டாப்வாட்ச் வைத்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். வலிப்பு, நடைத் தள்ளாட்டம், இருமல் எதுவாக இருந்தாலும் 30 விநாடி வீடியோ எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது நின்றுபோயிருக்கும். வீடியோ இருந்தால் நீங்கள் விளக்க வேண்டிய வேலையே இல்லை.

யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது?

முதல் படி: 1962. இதன் பின்னால் கால்நடை பராமரிப்புத் துறையின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் மட்டும் மாநிலம் முழுவதற்கும் 245 ஊர்திகள் தொடங்கி வைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு கால்நடை மருத்துவர், ஓர் உதவியாளர், ஓட்டுநர். மருத்துவமனை தூரமாக உள்ள கிராமங்களின் ஆடு மாடுகளுக்காகத்தான் முதன்மையாக இந்தத் திட்டம். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தான்குளம் பக்கத்து ஊர்க்காரர்கள் இதை அதிகம் பயன்படுத்த வேண்டும். வண்டிகளுக்கு அன்றாடம் போக வேண்டிய கிராமங்கள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். அதனால் போன் செய்யும்போது "வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டுவிடுங்கள். தாமதம் ஆகும் என்றால் காத்திருக்காமல் நீங்களே கிளம்புவது நல்லது.

இரண்டாம் படி: அருகிலுள்ள அரசுக் கால்நடை நிலையம். கிராம அளவில் கிளை நிலையம், அடுத்து மருந்தகம், அதற்கு மேல் மருத்துவமனை என்று இவை அடுக்கடுக்காக உள்ளன. கிளை நிலையத்தில் முதலுதவி கிடைக்கும். எலும்பு முறிவு, அறுவை என்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். உங்கள் ஊர் மருந்தகத்தின் வேலை நேரம் வாசல் பலகையில் இருக்கும். அந்தப் பலகையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மேல்சிகிச்சை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2012-ல் தொடங்கப்பட்ட இது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலியே சுமார் 50 கிலோமீட்டர். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்று கணக்கு வைத்து, ரத்தத்தைக் கட்டுப்படுத்திய பிறகு கிளம்புங்கள். கிளம்பும் முன் போன் செய்து, அந்த நேரத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று உறுதி செய்வது அவசியம்.

இரவு நேரத்துக்கு: பல ஊர்களில் இரவில் கைகொடுப்பவர் பக்கத்துத் தனியார் கால்நடை மருத்துவர்தான். ராத்திரி 11 மணிக்கு அவரை முதல்முறையாகத் தேடாதீர்கள். தடுப்பூசிக்குப் போகும்போதே "டாக்டர், ராத்திரி அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டு இரண்டு எண்களாவது வாங்கி வையுங்கள்.

போனில் என்ன சொல்வது?

பதற்றத்தில் "சார், நாய்க்கு என்னமோ ஆயிருச்சு, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிப்பவர்கள் உண்டு. மறுமுனையில் இருப்பவருக்கு இடம்கூடத் தெரியாது. ஏழு விஷயங்களைச் சொல்லுங்கள்: என்ன விலங்கு, வயது, எடை, என்ன நடந்தது, எப்போது, இப்போது எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறீர்கள். மாதிரிக்கு ஓர் உரையாடல்:

"வணக்கம். முத்தையாபுரத்துல இருந்து பேசுறேன் மேடம். எங்க நாய்க்கு மூணு வயசு, இருபது கிலோ இருக்கும். அரை மணி நேரத்துக்கு முன்னாடி எலி மருந்து தின்னுருச்சு."

"வாந்தி எடுத்துச்சா? நினைவு இருக்கா?"

"நினைவு இருக்கு. வாந்தி இல்ல. மருந்து பாக்கெட் கையில இருக்கு மேடம்."

"பாக்கெட்டைப் படம் எடுத்து வைங்க. பாலோ எண்ணெயோ எதுவும் கொடுக்காதீங்க. தெருப் பேரும் பக்கத்து அடையாளமும் சொல்லுங்க."

இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. மருத்துவர் எந்த மருந்தை எடுத்து வைக்க வேண்டும் என்பது இதிலேயே முடிவாகிவிடும்.

நம்ம கடற்கரையில் வரும் ஆபத்துகள்

கையேடுகளில் பொதுவாக எழுதியிருப்பது வேறு. திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், பெரியதாழை என்று கடலை ஒட்டி வாழும் நமக்கு வருவது வேறு.

தூண்டில் முள். கரையில் கிடக்கும் இரை கோத்த முள்ளை நாயோ பூனையோ விழுங்கிவிடும். வாயிலிருந்து தங்கூசி தொங்கும். கை தானாக இழுக்கப் போகும், இழுக்காதீர்கள். முள்ளில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கி தொண்டையையும் குடலையும் கிழித்துவிடும். தங்கூசியை ஒட்ட வெட்டவும் வேண்டாம். மருத்துவருக்கு அது வழிகாட்டும். தங்கூசியைக் கழுத்துப் பட்டையில் தளர்வாகச் சுற்றிக் கட்டி, சாப்பாடு கொடுக்காமல் கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துதான் எடுக்க வேண்டும்.

பேத்தை மீன். வலையில் சிக்கி, விற்காமல் கரையிலேயே வீசப்படும் மீன் இது. இதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள விஷம் சமைத்தாலும் காய வைத்தாலும் போகாது. தின்ற நாய்க்கு எச்சில் வடியும், வாந்தி வரும், பின்னங்கால் தள்ளாடும், கடைசியில் மூச்சு விடும் தசை செயலிழக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. தள்ளாட்டம் தெரிந்த உடனே கிளம்ப வேண்டும். மீனவ சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேத்தையைக் கரையில் வீசாமல் குழியில் புதைத்துவிடுங்கள்.

கடல் தண்ணீரும் உப்பளமும். முத்துநகர் கடற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் கையில் நல்ல தண்ணீர் கொண்டு போக வேண்டும். விளையாட்டு வேகத்தில் கடல் தண்ணீரைக் குடிக்கும். கொஞ்சம் என்றால் பேதி. அதிகம் என்றால் உடலில் உப்பு ஏறி நடுக்கம், வலிப்பு வரை போகும். உப்பளப் பாத்தியில் நடந்து வந்த நாயின் பாதத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். விரலிடுக்கில் வெடிப்பு இருந்தால் உப்பு அதைப் புண்ணாக்கிவிடும்.

வெயில். நம் ஊரில் வெயிலோடு காற்றில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஈரக் காற்றில் அது எடுபடாது. நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105 தொட்டால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டு வந்து, உடம்பு முழுக்கச் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, விசிறிக் காற்று படவிடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் குளிரச் செய்வது, பிறகு மருத்துவமனை. வரிசை இதுதான்.

பாம்புக்கடி. காட்டுப்பக்கம், தேரி மணல், விறகுக் குவியல் என்று சுற்றும் நாய்க்குக் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ இருக்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், வீங்கினால் இறுக்கும். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கயிற்றால் கட்டாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். மனிதருக்குப் போடும் அதே மருந்தே விலங்குக்கும். ஆகவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு போக வேண்டிய தேவையே இல்லை. கிளம்பும் முன் "விஷமுறிவு மருந்து இருக்கா?" என்று போனில் கேளுங்கள். இருக்கும் இடத்துக்கு நேரே போனால் ஒரு மணி நேரம் மிச்சம்.

விஷம். எலி மருந்தில் சில வகை அன்றைக்கு ஒன்றும் செய்யாது. மூன்று நாள் கழித்து மூக்கிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஆட்டுக்கு வயிறு உப்புசம். கன்னி ஆடு, வேம்பூர் செம்மறி என்று சொந்த இனங்கள் கொண்ட மாவட்டம் நம்முடையது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை ஆடு வயிறு முட்டத் தின்றுவிடும். சோறு வயிற்றில் புளித்து, இடப்பக்கம் உப்பி, ஆடு படுத்துவிடும். படுக்க விடாமல் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். "அண்ணாச்சி, நாலு கரண்டி எண்ணெய ஊத்துங்க" என்று யாராவது சொல்வார்கள். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். உப்புசத்தில் தப்பிய ஆடு அதில் செத்துவிடும்.

அடிபட்டதை எப்படித் தூக்குவது?

துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அங்கே அடிபட்ட நாயைக் காப்பாற்றப் போகிறவர் முதலில் வண்டிகளை நிறுத்தச் சைகை காட்டுங்கள், பிறகு குனியுங்கள்.

1. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். துப்பட்டாவோ துண்டோ எடுத்து வாயைச் சுற்றி ஒரு கட்டு. வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ வாயைக் கட்டக் கூடாது. பூனை என்றால் தடித்த துண்டைப் போர்த்தித் தூக்குங்கள்.
2. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே தூக்கிப் பார்க்காதீர்கள். மஞ்சள் தூள், காபித் தூள், பெட்ரோல் எதுவும் வேண்டாம்.
3. காலைப் பிடித்துத் தூக்காமல், பலகை மீதோ இறுக்கிப் பிடித்த போர்வை மீதோ நகர்த்தி வைத்துத் தூக்குங்கள். முதுகெலும்பு முறிந்திருக்கலாம்.
4. தண்ணீரோ சாப்பாடோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம்.

உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். "நம்ம வீட்டு நாய்தானே" என்ற சமாதானம் வேண்டாம். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

2023 டிசம்பர் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. சாலை துண்டிப்பு, மின்சாரம் இல்லை, பல இடங்களில் போனும் இல்லை. ஆடு, மாடு, கோழி என்று ஏராளமான உயிர்கள் போயின.

அந்த இரவுகளில் எந்த எண்ணும் எடுபடாது. அப்போது கைகொடுப்பது முன்னேற்பாடு மட்டும்தான்.

வெள்ள எச்சரிக்கை வந்தால் முதல் வேலை, கட்டை அவிழ்ப்பது. கயிற்றில் கட்டிய மாட்டுக்கு நீந்தித் தப்பக்கூட வழியில்லை. மேட்டு நிலம் எது என்று தெருக்காரர்கள் சேர்ந்து முன்பே பேசி வையுங்கள். நாயையும் பூனையையும் வீட்டுக்குள் பூட்டிவிட்டு நீங்கள் மட்டும் கிளம்பாதீர்கள். நீர் வடிந்த பிறகும் ஆபத்து தீராது. வெள்ள நீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். வருடாந்திரத் தடுப்பூசியில் இதற்கும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுப் போடுங்கள்.

கால்நடை இறந்துபோனால் புதைப்பதற்கு முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லுங்கள். அந்த வெள்ளத்தில் இறந்த பசு ஒன்றுக்கு 37,500 ரூபாய், ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. சான்று இல்லாமல் நிவாரணம் கோருவது கடினம்.

கரையில் ஆமை ஒதுங்கினால்?

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீள்கின்றன. அடிபட்ட ஆமையோ கடல்பசுவோ கரை ஒதுங்கினால் அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டாம், கடலுக்குள் தள்ளிவிடவும் வேண்டாம். களைத்த ஆமை மூழ்கியே செத்துப்போகும். நிழல் கொடுத்து, மூக்கை மூடாமல் முதுகில் ஈரத் துணி போட்டு, கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனத்துறை எண் கையில் இல்லையென்றால் 112. இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம்.

இன்றைக்கே செய்ய வேண்டிய 5 வேலைகள்

1. 1962, உங்கள் ஊர் மருந்தகம், இரவில் எடுக்கும் இரண்டு மருத்துவர்கள் ஆகிய எண்களைப் பதிவு செய்து, வீட்டில் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அப்பா போனில் மட்டும் இருந்தால், அப்பா கடலுக்குப் போன அன்று எண் இருக்காது.
2. தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள்.
3. ஒரு பையில் சுத்தமான துணி, பேண்டேஜ், டிஜிட்டல் தெர்மாமீட்டர், கழுத்துக் கயிறு, பழைய போர்வை போட்டு வைத்துவிடுங்கள்.
4. அடிபட்ட விலங்கை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஓர் ஆட்டோக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள். ராத்திரி பல வண்டிகள் மறுத்துவிடும்.
5. நாய் நலமாக இருக்கும்போதே வாயைத் திறந்து பார்க்கவும், பாதத்தைத் தொடவும் பழக்குங்கள். அவசரத்தில் அது மிரளாது.

கையில் வைத்துக்கொள்ள:
கால்நடை அவசர உதவி – 1962
பொது அவசர உதவி – 112
மனிதர்களுக்கான ஆம்புலன்ஸ் – 108
மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை – 1077
மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை – 1070

எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பார்த்துக் கண்டுபிடிப்பதும், கிளம்புவதும் நம் வேலை. எண்களைப் பதிவு செய்தாயிற்றா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடும் முன் அதை முடித்துவிடுங்கள்.